கோரிக்கை மனு: முந்திரிப் பூப்பருவத்தில் பூச்சிமருந்துத் தெளிப்பை முறைப்படுத்த வேண்டுதல்

அனுப்புநர்:
முந்திரி விவசாயி மற்றும் தேனீ வளர்ப்பவர்,
காடாம்புலியூர் பகுதி, பண்ருட்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: தேனீப் புழுக்களின் மணவுணர்வைப் பாதிக்கும் பூச்சிமருந்துகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் முந்திரித் தோப்பில் 12 தேனீப் பெட்டிகள் வைத்துள்ளேன். தை, மாசியில் மரங்கள் பூக்கும்போது சுற்றியுள்ள தோப்புகளில் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி தாக்கினால் துளிரும் பூங்கொத்தும் கருகிப்போவதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆகவே மருந்தே கூடாது என்று நான் கேட்கவில்லை.

தேனீ பறக்காத மாலையில் தெளித்தால் போதும் என்று எங்களுக்குச் சொல்லப்படுகிறது. அது நேரடியாக மருந்து பட்டுச் சாகும் தேனீயைத்தான் காக்கும். இமிடாகுளோபிரிட் செடிக்குள் ஊடுருவும் மருந்து என்பதால் பூந்தேனிலும் மகரந்தத்திலும் அதன் எச்சம் தங்கக்கூடும். வேலைக்காரத் தேனீ அவற்றைக் கூட்டுக்குக் கொண்டுவரும்போது, அறையை விட்டு வெளியே வராத புழுவுக்கும் அதுவே உணவாகிறது. அந்தப் புழு கூட்டுப்புழுவாகி, முட்டையிட்டதிலிருந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில் தேனீயாக வெளிவருவதற்குள், அதன் உணர்கொம்புகளும் மணத்தைப் பகுத்தறியும் மூளைப்பகுதிகளும் உருவாகின்றன. அந்த நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் இடங்களில்தான் இம்மருந்தும் சென்று பற்றிக்கொள்கிறது. நாம் வளர்க்கும் இந்தியத் தேனீயின் இனத்தை வைத்தே நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், புழுப் பருவத்தில் உயிரைப் போக்காத அளவே இம்மருந்தை உண்ட தேனீக்கள், வளர்ந்த பின் ஒரு மணத்தையும் அதனோடு கிடைக்கும் இனிப்பையும் இணைத்துக் கற்பதில் பின்தங்கின. தேனீக்களுக்கு நேரும் ஆபத்தைக் கருதியே ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதன் திறந்தவெளிப் பயன்பாட்டைத் தடைசெய்தது.

பெட்டி வாசலில் செத்துக் கிடக்கும் தேனீயை எண்ணிக் காட்டி முறையிடலாம். பூவின் மணம் மனத்தில் பதியாமல் வெறுங்கையாகத் திரும்பும் தேனீயை எதைக் காட்டி முறையிடுவது?

எனவே, அடுத்த பூப்பருவத்துக்கு முன்பாக, ஊடுருவும் மருந்துகளைப் பூக்கும் தோப்பில் தெளிக்க வேண்டாம் என வேளாண்மை, தோட்டக்கலைத் துறைகள் வழியாக அறிவுறுத்தவும், தெளிக்கும் நாளை முன்னரே தேனீ வளர்ப்போருக்குத் தெரிவிக்க ஊராட்சிதோறும் ஏற்பாடு செய்யவும், எங்கள் தேனடைகளிலுள்ள மகரந்தத்தை எடுத்து மருந்து எச்சம் உள்ளதா எனச் சோதிக்க விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டுக்கொள்ளவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சோதனைக்கு என் பெட்டிகளைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)