ஆண்டறிக்கை: இந்த வருடம் முக்கால்வாசி கோச்சைப் பற்றித்தான்

எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் எத்தனை, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வாசித்துவிட்டு மிக்சரும் டீயும் சாப்பிட்டுக் கலைவதுதான் நம் கால்பந்து மன்றத்து வழக்கம். கணக்கைப் பொருளாளர் அண்ணாச்சி தனியாக வாசிப்பார், நான் அதில் கை வைக்கவில்லை. கமிட்டி அநேகமாக மாதாமாதம் கூடியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மண்ணேறிப் போன வடக்குக் கோல் பக்கம் ஒருவழியாகச் சமமாகிவிட்டது. உடைமுள் மட்டும் எத்தனை தடவை பெருக்கினாலும் எங்கிருந்துதான் வருமோ, பந்துக்குப் பஞ்சர் ஒட்டுகிற செலவு தனித் தலைப்பாகவே ஏறிவிட்டது. பயிற்சிக்கு இப்போது பொம்பளைப் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்கள் உடை மாற்ற ஓர் அறை இல்லை, அதைப் போன வருடமும் எழுதினேன்.

மற்றபடி நல்லது கெட்டது எல்லாம் நம் கோச்சைச் சுற்றித்தான் நடந்தது. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பாளையங்கோட்டை மைதானங்களில் பள்ளிக்கூட டீமுக்கு ஆடி, கோல் அடிக்கிற ஃபார்வர்டாகச் சென்னை லீக்குக்குப் போய், சீசனுக்கு ஒரு கிளப் என்று மாறி மாறிக் கையெழுத்துப் போட்டு, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்துவிடும் என்று வருடக்கணக்கில் காத்திருந்து, அது கிடைக்காமல் மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆடப் போனவர். அங்கே பக்கத்துக்கு ஏழு பேர், ராத்திரி லைட் போட்டு ஆட்டம், மூங்கில் கேலரி நிறையக் கூட்டம், ஆட்டம் முடிந்ததும் கையில் காசு. முழங்கால் போன பிறகுதான் ஊர் திரும்பினார். பகலில் டைல்ஸ் கடையில் வேலை, காலையும் சாயங்காலமும் நம் பிள்ளைகள்.

இவரைக் கோச்சாகப் போட்டபோது, “கோல் அடிக்கிறவனுக்கு அடிக்கத்தான் தெரியும், சொல்லிக்குடுக்க வராது” என்று ஒரு பெரியவர் கமிட்டியில் சொன்னார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த நம் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ்தான் 1973இல் மாநிலங்கள் மோதுகிற சந்தோஷ் டிராபியைக் கேரளாவுக்கு முதல் தடவை வாங்கிக்கொடுத்த கோச், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரைக்கும் அவர் அடித்ததுதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். கோச் சங்கடப்பட்டு, “அவாள் எங்க, நான் எங்க, விடுங்க அண்ணாச்சி” என்றுவிட்டார்.

முதல் சண்டை பந்து வாங்கியதில். சின்னப் பையன்களுக்கு நாலாம் நம்பர் பந்துதான் வேண்டும் என்றார் அவர். அஞ்சாம் நம்பராக வாங்கினால் வளர்ந்த பிறகும் ஆகுமே என்றோம் நாங்கள், தீபாவளிச் சட்டையைப் பெரிதாக எடுக்கிற மாதிரி. அஞ்சாம் நம்பர் 410 முதல் 450 கிராம் வரை இருக்கும், நாலாம் நம்பர் 390ஐத் தாண்டாது, பெரிய பந்தை உதைத்து உதைத்துப் பையன் காலை வீசத்தான் பழகுவான், பந்தைத் தொடப் பழக மாட்டான் என்றார். சரி, வாங்கினோம்.

அடுத்தது அந்த செமி ஃபைனல். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் டோர்னமென்ட்டில் நமக்கு வந்த கோலில் பெரும்பாதி ஒரே பையன் அடித்தது. அவனைக் கொண்டுபோய் லெஃப்ட் பேக்கில், பின்னால் இடது பக்கம் தடுக்கிற இடத்தில், நிறுத்தினார் மனுஷன்! தோற்றோம். பெற்றோர் மைதானத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். நானும் அன்றைக்கு அவரிடம் நல்ல வார்த்தை பேசவில்லை, அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். ரெண்டு நாள் கழித்து டீக்கடையில் வைத்துச் சொன்னார்: “எனக்கும் வலது கால் மட்டுந்தான். ஸ்கூல்ல அடிச்சிக்கிட்டே இருந்தேன், அதனால யாரும் திருத்தல. சென்னையில ஒரே மாசத்துல டிஃபெண்டர் கண்டுபிடிச்சிட்டான், வலது பக்கத்தை அடைச்சிட்டு நிப்பான், நான் திணறுவேன். ஒவ்வொரு கிளப்பும் ஒரு சீசன்ல என்னை விட்டதுக்குக் காரணம் அதுதான்.” லெஃப்ட் பேக்கில் நின்றால் இடது காலால் தொட்டே ஆக வேண்டும், அதற்காகத்தான் நிறுத்தினாராம். இதை ஆட்டத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னால் விட்டிருப்பீங்களா என்றார். விட்டிருக்க மாட்டோம்தான்.

கோடையில் காயல்பட்டினம் டோர்னமென்ட்டுக்குப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போனோம். அங்கேயும், “பந்தைப் பாக்காதீங்கலே, ஒம்பதாம் நம்பரை மட்டும் பாருங்க, பந்து இல்லாம எத்தனை ஓட்டம் ஓடுதான்னு எண்ணுங்க” என்று உட்கார வைத்துவிட்டார். எண்ணி எண்ணிப் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். ஆனால் திரும்பி வந்த வாரத்தில், பந்து வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு வந்திருந்ததை நானே பார்த்தேன்.

வருத்தமான ஒன்றும் உண்டு. நம் பெரிய பையன் ஒருவனைச் செவன்ஸுக்குக் கூட்டிப்போக ஆள் வந்தது. படிப்பு முடியட்டும் என்று கோச் மறித்தார். “நீ மட்டும் சம்பாதிச்சே, எம்புள்ள சம்பாதிக்கக் கூடாதோ?” என்று அவன் அப்பா கேட்டார். செவன்ஸ் தனக்குச் சோறு போட்டதைக் கோச் மறுக்கவில்லை, பேன்ட்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார், அவ்வளவுதான். அந்தப் பையன் இப்போது பயிற்சிக்கு வருவதில்லை. கோச் பக்கம் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அந்த வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும்.

கமிட்டி முடிவு செய்ய வேண்டியவை: கோச்சுக்கான மாதத் தொகையில் மூன்று மாதம் பாக்கி, கேட்டால் பிள்ளைகளுக்கு ஷூ வாங்குங்க என்கிறார், அதை ஏற்காமல் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம், அவர் கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் கோர்ஸுக்குப் போக மன்றம் கட்டணம் கட்ட வேண்டும். அந்த லெஃப்ட் பேக் பையன் இடது காலால் அடிக்கிற பந்து இன்னும் உடங்காட்டுக்குள்தான் போகிறது, இருட்டினால் தேட ஒரு டார்ச் வாங்கினோம், அந்த ரசீது பொருளாளர் அண்ணாச்சியிடம் இருக்கிறது.