செயலாளர் ஆண்டறிக்கை: உணவு வங்கிக்காக நாம் நடத்திய ஐரிஷ் இசைக் கச்சேரிகள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் இந்தக் குளிரிலும் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கம் ஐரிஷ் நண்பர்களோடு சேர்ந்து நான்கு கச்சேரிகள் நடத்தியது. செப்டம்பர், பிப்ரவரி, மார்ச், ஜூலை. நான்கிலும் வந்த பணமும் பொருளும் அப்படியே நம் வட்டார உணவு வங்கிக்குப் போய்ச் சேர்ந்தன. மண்டப வாடகை, தேநீர்ச் செலவு இரண்டையும் சந்தாப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். தொகை விவரங்களைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். நடந்தது என்ன, அதில் நாம் எதை மாற்றிக்கொண்டோம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

லண்டன் வெம்பிளித் தமிழர்களுக்கும் ஐரிஷ் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகச் சேர்ந்த சிலர் கேட்டார்கள். நாம் வடமேற்கு லண்டனின் பிரென்ட் பகுதிக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கில்பர்னிலும் கிரிக்கில்வுட்டிலும் குடியேறியவர்கள் ஐரிஷ்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இடிந்து கிடந்த லண்டனைக் கட்டி எழுப்பிய கூலியாட்களில் ஏராளமானோர் அவர்கள்தான். கிரிக்கில்வுட் பிராட்வேயில் க்ரௌன் என்ற மதுக்கூடத்தின் வாசலில் விடியற்காலையில் வரிசையாக நிற்பார்களாம். வேன் வந்து கைகாட்டினால் அன்றைக்கு வேலை, இல்லையென்றால் இல்லை. அறை குளிரும், பேச ஆளிருக்காது. சாயங்காலமானால் ஃபிடிலையும் புல்லாங்குழலையும் எடுத்துக்கொண்டு மதுக்கூடங்களில் கூடினார்கள். வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் அந்தக் கூடுகையை ‘செஷன்’ என்பார்கள். சொந்த ஊரில் அடுக்களையிலும் களத்துமேட்டிலும் வாசித்த இசை மதுக்கூடத்துக்குள் வந்து இந்த வடிவத்தை எடுத்ததில் லண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அந்த இசையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம்மோடு வாசிக்கும் பெரியவர்களில் சிலர் அந்த மனிதர்களின் பிள்ளைகள். இங்கே வந்த புதிதில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்துப் புரண்ட நம் ஆட்களுக்கு இந்தக் கதை அந்நியமில்லை.

சரி, மாற்றங்களுக்கு வருகிறேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் நானும் துணைத்தலைவரும் உணவு வங்கிக் கிடங்குக்குப் போய் அரை நாள் இருந்தோம். இதை முன்பே செய்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். உள்ளே போய்ப் பார்த்தால் பேக்ட் பீன்ஸும் பாஸ்தாவும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. கெடாத பால், சமையல் எண்ணெய், பழச்சாறு, ஷாம்பு, குழந்தைகளுக்கான நாப்கின் ஆகியவற்றை வைக்கும் அலமாரித் தட்டுகள் காலி. இன்னொரு அலமாரியில் ‘கெட்டில்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அடுப்பு இல்லாதவர்களுக்கும், அடுப்பு இருந்தும் மின்கட்டணத்துக்குப் பயந்து அதைப் பற்றவைக்காதவர்களுக்கும் தனிப் பை போடுகிறார்கள். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற மாதிரிச் சாப்பாடு மட்டும் அதில் இருக்கும். அந்த அலமாரி முன்னால் துணைத்தலைவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. கஷ்டத்தில் இருப்பவருக்கு குடும்ப மருத்துவரோ பள்ளிக்கூடமோ ஆலோசனை மையமோ ஒரு வவுச்சர் கொடுக்கும். அதைக் காட்டினால் குறைந்தது மூன்று நாளைக்கான உணவு கிடைக்கும். டிரசல் என்ற தொண்டு அமைப்பைச் சேர்ந்த உணவு வங்கிகளில் பெரும்பாலும் இதுதான் முறை. தனித்து இயங்கும் சில இடங்களில் வவுச்சரே வேண்டியதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை டிரசல் உணவு வங்கிகள் மட்டும் பிரிட்டன் முழுவதும் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பைகளைக் கொடுத்தன. அதில் 11 லட்சத்துக்கும் மேல் குழந்தைகளுக்காக. குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவருக்கு முதல் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரத்தில் வீட்டில் என்ன உலை வைப்பது?

கிடங்கில் பொறுப்பாக இருந்த அம்மையார் இன்னொன்றும் சொன்னார். டிசம்பரில் எல்லோரும் கொடுக்கிறார்கள், வைக்க இடமில்லை. ஜனவரி பிறந்ததும் வரத்து சட்டென்று குறைகிறது, ஹீட்டர் பில்லோ அப்போதுதான் வருகிறது. நாமும் இத்தனை வருஷம் டிசம்பரில்தான் கச்சேரி வைத்தோம், மண்டபம் அலங்காரமாக இருக்கும் என்பதற்காக. செயற்குழு கூடி அதைப் பிப்ரவரிக்கு மாற்றியது. சிலர் மறுத்தார்கள். பிப்ரவரிக் குளிரில் யார் வருவார் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் நமக்கு வசதியான மாதத்தில் கொடுப்பது அவர்களுக்கு உதவாது என்பதே என் கருத்து. இதை நான் அழுத்தமாகவே பேசினேன்.

இரண்டாவது மாற்றம் டிக்கெட்டை எடுத்தது. டிக்கெட் விற்றால் சட்டத்தின் பார்வையில் அது விலை, நன்கொடை அல்ல. நன்கொடைக்கு அரசு சேர்த்துத் தரும் கிஃப்ட் எய்டு அதற்குக் கிடைக்காது. கதவைத் திறந்து வைத்துவிட்டு விருப்பப்பட்டதைப் போடுங்கள் என்றால், வருமான வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக உணவு வங்கி வாங்கிக்கொள்ளலாம். உறையில் அச்சிட்டிருக்கும் கிஃப்ட் எய்டு உறுதிமொழியைக் குறித்து, பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு எழுதிப் பணத்தைப் போட்டால் போதும். மொய் எழுதிப் பழகிய நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் உறைகளை அடுக்கி, பேனா வைத்து, பக்கத்தில் உண்டியலும் வைத்தோம். போன ஆண்டைவிடக் கூடுதலாகவே வந்தது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, டிக்கெட் இல்லாததால் காசில்லாதவரும் உள்ளே வந்து உட்கார முடிந்தது என்பதுதான்.

செப்டம்பர் கச்சேரி நடக்காமலே போயிருக்கும். இரண்டு நாள் இருக்கும்போது மண்டபத்தார் கூப்பிட்டு, அதே மாலையை வேறொரு விழாவுக்கும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அலைந்து திரிந்து ஒரு சின்ன அறையைப் பிடித்தோம். மேடை இல்லை, மைக் வைக்க வழி இல்லை. ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு இங்கே 2012 லைவ் மியூசிக் சட்டப்படி காலை 8 முதல் இரவு 11 வரை தனி உரிமம் வேண்டியதில்லை என்பதால் அந்தக் கவலையாவது மிச்சம். வாசிப்பவர்கள் நடுவில் வட்டமாக உட்கார, நாம் சுற்றி உட்கார்ந்தோம். அவர்கள் நம்மைப் பார்த்து வாசிக்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்து வாசித்தார்கள். ஒரு மெட்டு முடியும்போது ஃபிடில்காரர் தலையை லேசாக அசைப்பார், எல்லோரும் ஒரே மூச்சில் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்த பிறகு, மேடை போட வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. மற்ற மூன்று கச்சேரிகளையும் அப்படியே வைத்தோம்.

ஜனவரியில் தைப்பொங்கலையொட்டி அரிசி திரட்டினோம். இதில் ஒரு பிழை நேர்ந்தது, அடுத்த முறை நேரக்கூடாது. நல்ல மனசோடு பலர் வீட்டு மூட்டையிலிருந்து அள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். பிரித்த பொருளை உணவு வங்கி வாங்க முடியாது. சீல் உடையாத பையாக, உள்ளே இருப்பது என்ன, எந்தத் தேதி வரை நல்லது என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். அத்தனையையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டியே அறிவிக்காதது என் பொறுப்பு.

பிப்ரவரிக் கச்சேரியைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. பிப்ரவரி 1 புனித பிரிகிட் நாள். இருப்பதையெல்லாம் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்தவள் என்று அயர்லாந்துக் கதைகள் அவளைப் பற்றிச் சொல்லும். 2023லிருந்து அவள் பெயரில் அங்கே அரசு விடுமுறையும் இருக்கிறது. அன்று மாலை மண்டபத்துக்குள் ஈரம் ஊறியிருந்தது. பௌரான் என்ற அவர்களுடைய கைப்பறை ஆட்டுத்தோலில் செய்வது. ஈரத்தில் தோல் தளர்ந்து தொம் தொம் என்று செத்த ஒலி வந்தது. வாசிப்பவர் அதை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். நம் பையன்கள் இருவர் பக்கத்தில் போய், எங்கள் ஊரில் பறையைத் தீயில் இப்படித்தான் காய்ச்சுவார்கள் என்றார்கள். அவர் உடனே பௌரானை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். கச்சேரி தொடங்கும் முன்பே அந்த மூலையில் ஒரு கச்சேரி நடந்தது.

பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கானமாரா பக்கத்து மூதாட்டி ஒருவர் ஐரிஷ் மொழியில் பாடினார். ‘ஷான் நோஸ்’ என்ற பழைய முறை அது. பக்கவாத்தியம் கிடையாது, தாளம் கிடையாது, விருத்தம் பாடுவதுபோல் சொல்லை இழுத்து நிறுத்திப் பாடுவார்கள். பாடுபவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றுவது ஒரு வழக்கம். அன்று பக்கத்தில் இருந்தவர் நம் மூத்த உறுப்பினர், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். பாடியவர் கையை நீட்டினார், இவர் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை இரண்டு கைகளும் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருந்தன. முடிந்ததும் என்னிடம், “எங்கட ஒப்பாரி மாதிரியே கிடக்கு பிள்ளை” என்றார். சாவு வீட்டில் பெண்கள் கூடிப் பாடி அழும் வழக்கம் அயர்லாந்திலும் இருந்தது என்று அந்த மூதாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னேன். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

பாட்டு பஞ்சத்தைப் பற்றியது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. 1852க்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தக் காலத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் வெளியே போனது. இன்னொன்றையும் அன்று மண்டபத்தில் சொன்னேன்: ஐரிஷ் பஞ்சத்துக்கு வெளிநாட்டிலிருந்து முதலில் வந்த உதவிகளில் ஒன்று கல்கத்தாவில் திரட்டிய நிதி, 14,000 பவுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களோடு இந்தியர்களும் அதில் கொடுத்தார்கள். இதைக் கேட்ட ஃபிடில்காரப் பெரியவர் எழுந்து நின்று கைகுவித்தார்.

அன்று எல்லோரும் போன பிறகு ஒரு பெண் நாற்காலி மடக்க வந்ததுபோல் வந்து தமிழில் கேட்டார்: “உணவு வங்கிக்குப் போனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?” அவருடைய விசாவில் அரசு உதவிப் பணம் பெறத் தகுதியில்லை என்ற நிபந்தனை இருக்கிறது. உறுப்பினர்கள் இதைத் தெரிந்து நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்: உணவு வங்கி தருவது தொண்டு, அரசுப் பணம் அல்ல. அந்த நிபந்தனை அதற்குப் பொருந்தாது. மறுநாள் அவரை ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போனோம். மார்ச் கச்சேரியில் அவர் அடுக்களைப் பக்கம் நின்று கோப்பைகள் கழுவினார். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன்.

மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி நடந்தது மூன்றாவது கச்சேரி. கூட்டம் நிறைய, பச்சை உடை நிறைய, ஆட்டம் நிறைய. குறிப்பாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஜூலையில் பள்ளிக்கூடம் மூடினால் இலவச மதிய உணவும் நின்றுபோகும், அதனால் நான்காவது கச்சேரியை அந்த மாதம் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டுக்குத் தகிட தகிட என்று சுலபமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கை என்றதும் ஒரு பையன் நாலும் ஐந்துமாகப் பிரியும் சங்கீர்ணம் என்று நினைத்து வாசித்துத் தடுமாறினான். மூன்று தகிட என்று ஃபிடில்காரர் காலால் தட்டிக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. கடைசி உருப்படி எல்லோருக்கும் நினைவிருக்கும். கம்பெனி பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், நோட்டுசுவரம் என்போம். அவற்றில் ‘வந்தே மீனாக்ஷி’யின் மெட்டு, அயர்லாந்தில் கார்க் மாவட்டத்து மேலோ ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு நடன மெட்டு. ஐரிஷ்காரர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் சுற்றில் நம் சிறுமிகள் ஐவர் ‘வந்தே மீனாக்ஷி’ என்று எடுத்தார்கள். குழல் வாசித்தவர் குழலை இறக்கிவிட்டுப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்று முறை திரும்பப் பாடச் சொன்னார்கள்.

ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி. பெட்டி தூக்கியவர்களுக்கும், ஒவ்வொரு டின்னிலும் தேதி பார்த்து அடுக்கிய அம்மாக்களுக்கும் தனி நன்றி. வரும் ஆண்டுக்கு வேன் ஓட்ட ஓர் ஆள் வேண்டும், இதுவரை ஓட்டியவருக்கு முதுகுவலி. அடுத்த கச்சேரி பிப்ரவரியில். கெடாத பால், எண்ணெய், சீல் உடையாத அரிசி, பருப்பு கொண்டு வாருங்கள். டின் வாங்கினால் வளையம் பிடித்து இழுத்துத் திறக்கிற மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிப்போகும் பலரிடம் டின் திறப்பான் இல்லை.

இங்ஙனம்,
செயலாளர்