உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு: ஊரை அறிவிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை அடுத்து எங்கே நடத்துவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் "எங்கள் ஊருக்குத் தாருங்கள்" என்ற குரல்தான் முதலில் கேட்கிறது. அழைக்கும் ஊர்களின் அன்பில் குறையில்லை. ஆனால், கட்டுரை எழுதியவர் அந்த நாட்டுக்குள் நுழைய முடியுமா, நுழைந்தபின் அதைப் படிக்க அவருக்கு ஓர் அறையும் 20 நிமிடமும் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கைக்கு வந்த பிறகே ஊர்ப் பெயரை வெளியே சொல்ல வேண்டும். ஊரை முதலில் அறிவித்துவிட்டு இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதால் நேர்ந்த இழப்புகள் நம் மாநாட்டு வரலாற்றிலேயே இருக்கின்றன.

1964இல் புது தில்லியில் தனிநாயகம் அடிகளும் மற்ற அறிஞர்களும் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. அந்த ஊர் அமைந்தது தற்செயல் அல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதலே இந்திய ஆய்வியல் துறை இருந்தது. அடிகளே அங்கே பணியாற்றினார். வேலையைத் தாங்கும் ஒரு துறை முதலில் இருந்தது, மாநாடு பிறகு வந்தது. 1987, 2015 ஆண்டுகளிலும் மாநாடு அதே ஊருக்குத் திரும்பியதில் வியப்பில்லை. 1970இல் பாரிஸில் நடந்த மூன்றாம் மாநாட்டுக்கும் மன்றத்தின் தலைவர் ழான் ஃபிலியோசாவைப் போன்ற அறிஞர்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1974இல் நடந்த நான்காம் மாநாட்டின்போது கொழும்பா யாழ்ப்பாணமா என்ற பிணக்கே ஏற்பாட்டாளர்களின் பெரும் ஆற்றலை விழுங்கியது. ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடிய மக்கள்மீது காவல்துறை பாய்ந்ததில் உயிர்கள் பறிபோயின. 1995இல் தஞ்சாவூர் எட்டாம் மாநாட்டுக்கு வந்த இலங்கை அறிஞர்கள் சிலர், பேராசிரியர் கா. சிவத்தம்பி உட்பட, பங்கேற்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஈழத்து ஆய்வுலகின் முன்னணிப் பெயர் ஒன்று வாசலோடு நின்றது. பல்கலைக்கழக வளாகம், நூலகம், விருந்தோம்பல் என்று தஞ்சையில் எல்லாம் இருந்தும் என்ன பயன்?

ஆகவே விசாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நடத்த முன்வரும் ஒவ்வோர் ஊரும் தன் விண்ணப்பத்தோடு ஓர் அட்டவணை தர வேண்டும்: இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், ஜப்பான் என ஒவ்வொரு கடவுச்சீட்டுக்கும் எந்த வகை விசா, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், நேரில் போக வேண்டுமா, போனால் எந்த நகரத்துக்கு? இலங்கைக் கடவுச்சீட்டை முதல் வரிசையில் எழுதுங்கள். அது தேறினால் பெரும்பாலும் மற்றவையும் தேறும். அகதிப் பயண ஆவணம் வைத்திருப்போருக்குத் தனி வரிசை வேண்டும். வெளிநாட்டில் ஆய்வு செய்யும் மாணவரின் வசிப்பு அனுமதி புதுப்பிப்பில் இருந்தால், வெளியே போனவர் திரும்பி நுழைய முடியாத நிலை வரலாம். இதையும் அழைப்புக் கடிதத்திலேயே எச்சரிக்க வேண்டும்.

இந்தியாவில் நடத்துவதென்றால் சுற்றுலா விசாவில் வந்து கட்டுரை படிக்கக் கூடாது. மாநாட்டு விசா வேண்டும். அதற்கு நடத்தும் நிறுவனம் முன்கூட்டியே வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதலையும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்வு ஒப்புதலையும் பெற்றிருக்க வேண்டும். இந்தத் தாள்கள் வராமல் தூதரகத்தில் கோப்பு நகராது. பேராளர் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார்; நடத்துபவர் இரண்டு மாதம் தாமதித்திருப்பார்; கடைசியில் விமானச்சீட்டுப் பணம் பேராளருக்குத்தான் நட்டம். அமெரிக்கா என்றால் 2022, 2023 ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம். இந்தியாவில் முதன்முறை விண்ணப்பித்தவர்கள் நேர்காணல் தேதிக்கே ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. மலேசியாவோ 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள்வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இப்படிப்பட்ட சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு. மாநாட்டுத் தேதிக்கு அது செல்லுமா என்று தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அறைகள். "5,000 பேர் அமரும் அரங்கு இருக்கிறது" என்பது தொடக்க விழாவுக்கு மட்டுமே உதவும். ஆய்வு நடப்பது 40 முதல் 60 பேர் அமரும் சிறிய அறைகளில். கணக்கு எளிது. ஒரு கட்டுரைக்கு 15 நிமிடம், கேள்விக்கு 5 நிமிடம். நான்கு கட்டுரை சேர்ந்தது ஓர் அமர்வு. ஆள் மாற 10 நிமிடம் சேர்த்தால் 90 நிமிடம். நாளுக்கு 4 அமர்வு வீதம் மூன்று நாளில் 12. தொடக்க விழாவும் நிறைவு விழாவும் இரண்டை எடுத்துக்கொள்ளும். மீதி 10 அமர்வில் ஓர் அறை 40 கட்டுரைகளைத் தாங்கும். 300 கட்டுரைக்கு 8 அறை. ஏதாவது பழுதானால் மாற்ற ஒன்று, ஆக 9 அறைகள் வேண்டும். 600 கட்டுரைகளை ஏற்றுக்கொண்டு 5 அறை மட்டும் வைத்திருந்தால் ஓர் அமர்வில் 12 பேர் வருவார்கள். தலைக்கு 7 நிமிடம்கூட இல்லை. பிறகு அமர்வுத் தலைவர் மணியடித்துக்கொண்டே இருப்பார், ஒரு கேள்விகூட எழாது. மூன்றாண்டு உழைப்பைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து வந்தவருக்கு நாம் செய்யும் பெரிய அவமதிப்பு இதுதான். அறை எண்ணிக்கையை வைத்துத்தான் கட்டுரை எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும்.

இடத்தை நேரில் பார்க்கப் போகிறவர்கள் மாநாடு நடக்கவிருக்கும் அதே மாதத்தில், வேலைநாளில் போக வேண்டும். விடுமுறை நாளில் எந்த வளாகமும் அமைதியாகத்தான் இருக்கும். அறைக்கு அறை சுவர் இருக்கிறதா, மடக்குத் தடுப்பா என்று பாருங்கள். மடக்குத் தடுப்பு என்றால் பக்கத்து அறையின் ஒலிபெருக்கி உங்கள் அமர்வைக் கெடுக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் அரை நிமிடத்தில் விளக்கு வகைப் புரொஜெக்டர் அணைந்தால், மறுபடி ஒளிர சில நிமிடம் ஆகும். 20 நிமிடப் பேச்சில் கால்பங்கு போய்விடும். ஆகவே ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் யுபிஎஸ் கட்டாயம். மாடியில் அமர்வு வைத்தால் லிஃப்ட் வேண்டும். நம் பேராளர்களில் மூத்தவர்கள் அதிகம். சாப்பாட்டையும் கணக்கிடுங்கள். 400 பேருக்கு இலைபோட்டுப் பந்தி என்றால், 200 பேர் அமரும் கூடத்தில் இரண்டு பந்தி, ஒவ்வொன்றும் 35 நிமிடம், இடையே துடைக்க 10 நிமிடம். 80 நிமிடம் ஆகும் வேலைக்கு நிகழ்ச்சி நிரலில் 45 நிமிடம் ஒதுக்கினால் பிற்பகல் அமர்வுகள் காலியாகத்தான் தொடங்கும்.

போக்குவரத்தில் ஒரு சிறு கவனம். யாழ்ப்பாணத்தில் மாநாடு கூட வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் உண்டு. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே சென்னையிலிருந்து போவது ஏறத்தாழ 70 பேர் அமரும் ஏடிஆர் ரக விமானம். 300 பேராளர்கள் ஒரே நாளில் அப்படி வந்து சேர முடியாது. பெரும்பாலோர் கொழும்பில் இறங்கி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழியே வர வேண்டும். இதை மனத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒரு நாள் தங்குமிடம் சேர்த்துத் திட்டமிட்டால் நடத்தலாம்.

தேதியைப் பொறுத்தவரை ஜனவரி முதல் வாரம் தமிழ்நாட்டுக்கு ஏற்றது. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் பல அப்போது திறந்திருக்காது என்பதால் அங்குள்ளவர்களுக்கும் வர வசதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மே மாதம் விடுதிகள் காலியாக இருந்தாலும் வெயில் தாங்காது.

பணத்தில் இந்திய ஊர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பேராளர் கட்டும் பதிவுக் கட்டணம் வேறு, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் தரும் நன்கொடை வேறு. நன்கொடை வாங்க வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் புது தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். அரசுச் சட்டத்தால் அமைந்து, தலைமைக் கணக்குத் தணிக்கையரின் தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு இதில் விலக்கு இருக்கிறது. மாநாட்டுக்கென்று புதிதாக ஓர் அறக்கட்டளை தொடங்குவதைவிடப் பல்கலைக்கழகம் ஒன்றை முன்னிறுத்துவது மேல் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு பணம் தந்தால் வரவேற்போம். கட்டுரைத் தேர்விலும் கால அட்டவணையிலும் அரசு தலையிடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசு கோவையில் மாநாடு நடத்த முன்வந்தபோது, மன்றத்தின் அன்றைய தலைவர் நொபொரு கராஷிமா ஆய்வு மாநாட்டுக்குப் போதிய அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. அதனால் 2010 ஜூனில் கோவையில் கூடியது மன்றத்தின் மாநாடாக அல்லாமல், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்ற வேறு பெயரில் நடந்தது. அவர் கேட்டது பிடிவாதத்தால் அல்ல. ஆய்வுச் சுருக்கம் கேட்டு அறிவிக்க, இருவர் படித்து மதிப்பிட, திருத்தம் வாங்க, அழைப்பு அனுப்ப, விசா எடுக்க என்று அடுக்கினால் ஓராண்டு போதாது. 36 மாதத்துக்கு முன் விண்ணப்பம் கோரி, 24 மாதத்துக்கு முன் ஊரை உறுதிசெய்து, 18 மாதத்துக்கு முன் ஆய்வுச் சுருக்கம் கேட்டு, 9 மாதத்துக்கு முன் அழைப்புக் கடிதம் பேராளர் கையில் இருக்க வேண்டும்.

மாநாட்டுக் கட்டுரைத் தொகுதி அச்சாகும் செலவை, விழாச் செலவுக்கு முன்னால், தனிக் கணக்கில் போட்டுவைக்காத ஊருக்கு மாநாட்டைத் தரக் கூடாது. வந்த விண்ணப்பங்கள் எவை, எந்த அளவுகோலில் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதை மன்றம் வெளியிட வேண்டும். தேர்வாகாத ஊருக்குக் காரணத்தை எழுத்தில் தந்தால், மூன்றாண்டு கழித்து அந்த ஊர் குறையைச் சரிசெய்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

இங்ஙனம்,
ஆய்வு மாநாட்டு ஏற்பாட்டுப் பணியில் உள்ள ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.