படப்புத்தக அறைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்காகப் படப்புத்தக அறை ஒன்றை அமைக்க, பெற்றோரும் முன்னாள் மாணவரும் ஆசிரியரும் அடங்கிய எங்கள் குழு முடிவு செய்துள்ளது. அறையைத் தலைமை ஆசிரியர் ஒதுக்கித் தந்துவிட்டார். புத்தகங்களுக்குத்தான் உங்கள் உதவியை நாடுகிறோம்.

பள்ளியில் ஏற்கெனவே நூலகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அங்குள்ளவை பெரும்பாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. அதற்கு முந்தைய வயதில், படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் குழந்தைக்கு அங்கே அதிகம் இல்லை.

ஒரு பக்கத்தில் மழை பெய்கிறது. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நனைந்த நாய்க்குட்டி ஒண்டியிருக்க, எதிரே ஒரு சிறுமி குடையுடன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "இந்தப் பாப்பா என்ன நினைக்குது?" என்று கேட்டால், பாடத்தை வாசிக்கச் சொன்னதும் தலைகுனிந்துகொள்ளும் குழந்தையும் வாய் திறக்கும்; ஏனென்றால் அந்தக் கேள்விக்குத் தப்பான விடை கிடையாது. தான் சொன்னதை எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பதே மறுமுறை பேசும் துணிவைத் தருகிறது. "நாய்க்குட்டிக்குக் குளிருது" என்று ஒரு பிள்ளையும், "பாப்பாவுக்கு நாய்ன்னா பயம்" என்று இன்னொரு பிள்ளையும் சொல்லும்போது, அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கும் என்று எண்ணிப்பார்க்கும் பழக்கம் வருகிறது. பரிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நம்புகிறோம். ஆகவே கடைசிப் பக்கத்தில் நீதி அச்சிட்ட நூல்களைக் குறைவாகவே வாங்குவோம். நீதியை நாமே சொல்லிவிட்டால் குழந்தை கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா, 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய பதிப்பகங்களின் தமிழ் நூல்களிலிருந்து தேர்ந்தெடுக்க எண்ணியுள்ளோம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் அச்சிட்டுப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியுடன், கிடைக்கும் கதைகளை அச்சிட்டும் சேர்ப்போம். கறுத்த நிறமுள்ள குழந்தையும் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் கேலிப்பொருளாக அன்றிக் கதையின் நாயகராக வரும் நூல்களுக்கு முதலிடம் தருவோம்.

இத்தகைய நூல்கள் பல 50 முதல் 250 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய நூல்கள் சின்னக் கைகளில் சீக்கிரம் பிரிந்துவிடும் என்பதால், முதுகில் துணி டேப் ஒட்டிக் கண்ணாடித்தாள் உறை போடவும் செலவு உண்டு. பூட்டிய பீரோ வேண்டாம் என்பதில் குழு உறுதியாக இருக்கிறது: அட்டைப்படம் தெரியும்படி, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கயிறு கட்டித் தொங்கவிடுவோம்.

நன்கொடையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம். கணக்கு விவரத்தைத் தலைமை ஆசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு விவரம் மாதந்தோறும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பழைய பாடநூல்களையும் பயிற்சி நூல்களையும் அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பணம் தர இயலாதவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் வந்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை வாசிக்க முன்வந்தால், அதையும் நன்கொடையாகவே ஏற்போம்.

இங்ஙனம்,
படப்புத்தக அறைக் குழுவினர்