இன்டர்கூலர் குதிரைவலு கூட்டுகிற சாமான் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் அறிவியல் நகர் மாணவர் ஒருவர், இரட்டை எஞ்சின் கொண்ட சிறிய விமானங்களில் இன்டர்கூலரை (டர்போ அமுக்கிய காற்றை ஆறவைக்கிற சாமான்) ஏன் பெரிதாக மாற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நீங்கள் கொடுத்த பதில் இரண்டே வரி: பெரிய இன்டர்கூலர் போட்டால் எஞ்சினின் வலு கூடும், விமானம் வேகமாகப் பறக்கும். அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி ஒரு தம்பி என் கராஜுக்கு வந்து, தன் கேடிஎச் டீசல் வானுக்கும் பெரிசாக ஒன்று போட்டுத் தரச் சொல்லி நிற்கிறான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் விமான மெக்கானிக் இல்லை. பரந்தன் சந்திக்குக் கிட்ட லொறி, உழவு இயந்திரம், அறுவடை மெசின் என்று டீசல் எஞ்சின் பார்க்கிறவன். விமான எஞ்சின் பற்றித் தெரிந்ததெல்லாம் என் பெறாமகனால் வந்தது. அவன் கனடாவில் சிறிய விமானங்கள் திருத்துகிற இடத்தில் வேலை. பைப்பர் செனெக்கா என்ற இரட்டை எஞ்சின் விமானம் அவனிடம் அடிக்கடி வரும். கழற்றிப் போட்ட சாமான்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியப்பா, இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்பான். நானும் விடுவதில்லை, அவனுடைய கைநூல் பக்கங்களையும் அனுப்பச் சொல்லி வாங்கிப் படிப்பேன்.

சங்கதி இதுதான். மேலே போகப் போகக் காற்று ஐதாகிவிடும். அதை அமுக்கி எஞ்சினுக்குக் கொடுக்கத்தான் டர்போ. ஆனால் காற்றை அமுக்கினால் அது சுடும். 12,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 9 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதையே டர்போ 40 அங்குலப் பாதரச அழுத்தத்துக்குக் கொண்டுவரும்போது 80, 90 பாகைக்கு ஏறிவிடும். சுடுகாற்றில் பாரம் குறைவு. அழுத்தமானியில் முள் 40 காட்டினாலும் சிலிண்டருக்குள் போகிற ஒட்சிசன் அந்த அளவுக்கு இல்லை. இடையில் ஒரு இன்டர்கூலரை வைத்துக் காற்றை ஆறவிட்டால், அதே 40 அங்குலத்தில் அதிக காற்று உள்ளே போகும். ஆறு பாகை குறைந்தால் ஏறக்குறைய ஒரு சதவீதம் வலு கூடும் என்பது விமானக்காரரின் கைக்கணக்கு. 40 பாகை குறைத்தால் 200 குதிரைவலு எஞ்சினில் 12, 13 குதிரைவலு கூடும்.

இதுவரைக்கும் உங்கள் பதில் சரி. பிழை இதற்கு அடுத்த படியில்.

அந்த எஞ்சின் இவ்வளவு வலுவுக்குத்தான் என்று சான்றிதழ் பெற்றது. அதற்கு மேல் அதிலிருந்து எடுக்க எவருக்கும் அனுமதி இல்லை. ஆகவே இன்டர்கூலர் போட்ட பிறகு விமானி பழைய 40 அங்குலத்துக்குத் தள்ளக் கூடாது, குறைக்க வேண்டும். எத்தனை பாகை ஆறினால் எத்தனை அங்குலம் குறைக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை சாமானோடேயே வரும். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் வெப்பம் காட்டும் மானி பூட்டுவதும் இதற்காகத்தான். செனெக்கா இரண்டாவது மாதிரியில் டர்போவின் வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றுகிற புகையில் மிச்சத்தை வெளியே விடும் கதவு) தானாகத் திறந்து மூடாது, தரையில் ஒரு அளவில் வைத்துவிடுவது. திரொட்டிலைக் கொஞ்சம் அவசரப்பட்டுத் தள்ளினாலே முள் சிவப்புக் கோட்டைத் தாண்டும். அப்படிப்பட்ட எஞ்சினில் "வலு கூடும்" என்று மட்டும் சொல்லி விடுவது ஆபத்து.

கம்பனிக்காரரே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். செனெக்காவின் மூன்றாவது மாதிரி இன்டர்கூலர் இல்லாமலே 220 குதிரைவலு. 1990களின் பிற்பகுதியில் வந்த ஐந்தாவது மாதிரிக்குத் தொழிற்சாலையிலேயே இன்டர்கூலர் பூட்டினார்கள். அதுவும் 220 தான்! அந்த 220ஐ இன்னும் உயரம் வரைக்கும், சிலிண்டரை வாட்டாமல் கொடுப்பதுதான் லாபம்.

வாட்டுவது என்றதும் இன்னொன்று. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினோம். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவது. பின்னால் மூட்டையை வைத்துக்கொண்டு முறுக்கினால் உள்ளே சிறு சுத்தியலால் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி வருமுன் மிச்சக் கலவை தானாக ஒரேயடியாய் வெடிக்கிற சத்தம் அது. அப்படி ஓடி உச்சி ஓட்டையான பிஸ்டன்களைக் கழற்றியிருக்கிறேன். உள்ளே போகிற காற்று சுடச்சுட இந்த வெடிப்புக்கு வழி கூடும். மோட்டார் சைக்கிளில் காதுக்குக் கேட்டது, கையைத் தளர்த்தினோம். விமானத்தில் புரொப்பெல்லர் இரைச்சலில் விமானிக்கு அது கேட்காது. இன்டர்கூலர் தருகிற பெரிய உதவி இந்த இடத்தில்தான்.

இரட்டை எஞ்சினில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் அழுத்த முள் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் ஒரு பக்கத்து இன்டர்கூலரில் தூசி அடைத்திருந்தால் அந்தப் பக்கக் காற்று சுடும், வலு குறையும். முள் அழுத்தத்தைச் சொல்லுமே தவிர வலுவைச் சொல்லாது. ஒரு எஞ்சின் நின்றுபோனால் வலுவில் பாதிதான் போகும், மேலே ஏறுகிற திறனோ 80 சதவீதம் அளவுக்குப் போய்விடும். மிஞ்சிய எஞ்சின் முழு மூச்சில் கனநேரம் இழுக்க வேண்டி வரும். அந்த நேரம் பார்த்து அதன் இன்டர்கூலர் அடைத்துக்கிடந்தால் சொல்லத் தேவையில்லை.

அடைப்பு என்றால் என்னவென்று இங்கே எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. காலபோக அறுவடை முடிந்து வருகிற நெல் லொறிகளின் இன்டர்கூலரைக் கழற்றினால், தகடுகளுக்கு இடையில் உமியும் செம்மண்ணும் ஒயிலும் சேர்ந்து களியாக இறுகிக் கிடக்கும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, காற்று வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்துதான் தண்ணீர் அடிக்க வேண்டும். பிறகு ஒரு வாயை அடைத்து, மற்ற வாயில் சைக்கிள் வால்வு வைத்த மூடியைப் பூட்டிக் காற்றடித்து, ரியூப் பார்க்கிற தொட்டிக்குள் அமிழ்த்துவோம். குமிழி வந்தால் ஒட்டு. இதைப் படம் எடுத்து அனுப்பினேன். பெறாமகன் சிரிக்கவில்லை. தாங்களும் அழுத்தம் கொடுத்துத்தான் கசிவு பார்ப்பதாகவும், ஆனால் பார்த்த பிறகு கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னான். விமானத்தில் மாற்றம் செய்ய அனுமதிக்கிற எஸ்டிசி என்கிற சான்றிதழ் இல்லாத இன்டர்கூலரைப் புதிதாகப் பூட்டவே முடியாதாம். எங்கள் வீதிகளில் ஓடுகிற வாகனத்துக்கு எவன் எதைப் பூட்டினாலும் கேட்பாரில்லை.

வான் தம்பிக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் வலு வருவது பம்ப் விடுகிற டீசலால். அதைத் தொடாமல் இன்டர்கூலரை மட்டும் பெருப்பித்தால் புகை கொஞ்சம் குறையலாம், எஞ்சின் கொஞ்சம் ஆறலாம், அவ்வளவுதான். இன்டர்கூலரின் கனத்த தகட்டுக் கூட்டுக்குள்ளால் காற்றைத் தள்ள டர்போவும் கஷ்டப்படும், மிதித்ததும் இழுக்காது. இருக்கிறதைக் கழற்றிக் கழுவித் தருகிறேன் என்றேன். முகம் தொங்கிப்போச்சு, ஆனால் வானை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் அந்த இரண்டு வரியைத் திருத்திப் போடுங்கள். கேள்வி கேட்ட மாணவருக்கு இன்னொரு செய்தி: கராஜின் பின்பக்கத்தில் பழைய லொறி இன்டர்கூலர் ஒன்று சும்மா கிடக்கிறது, ஒட்டுப் போட்டது, கசிவு இல்லை. இரண்டு வெப்பமானியும் ஒரு காற்றுப் பம்பும் இருந்தால் முன்னும் பின்னும் அளந்து பார்க்கலாம். வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கராஜ் பூட்டு.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
பரந்தன்.