கையிருப்பை மட்டும் சொன்னால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேக்கா காப்பிக்கடையில் அந்நியச் செலாவணிப் பேச்சு வந்தால் மொத்தக் கையிருப்பைத்தான் சொல்கிறார்கள். ஓராண்டுக்குள் வெளியேறவேண்டிய தொகையை யாரும் கேட்பதில்லை. 1997 ஜூனில் தாய்லாந்திடம் 30 பில்லியன் டாலருக்கு மேல் இருந்தது. ஆனால் பாட் நாணயத்தைக் காக்கப்போய், 23.4 பில்லியன் டாலருக்கு முன்பேர ஒப்பந்தங்களில் (பின்னொரு நாளில் டாலர் தருவதாக முன்கூட்டியே செய்யும் உடன்பாடுகள்) சிக்கியிருந்தது ஆகஸ்டில்தான் வெளிவந்தது! இலங்கையிடம் மறைக்கவும் அதிகமில்லை: 2022 மார்ச் இறுதியில் 1.9 பில்லியன் டாலர், அதிலும் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடன் செய்த நாணயப் பரிமாற்றத்தில் கிடைத்த, எளிதில் தொடமுடியாத யுவான். அடுத்த மாதமே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது.

நாடுகள் தங்கள் கையிருப்பைத் தெரிவிக்கும் அனைத்துலகப் பண நிதியத்தின் படிவத்தில், ஓராண்டுக்குள் வெளியேறவேண்டிய இந்தத் தொகைக்குத் தனிப்பகுதியே உண்டு. உங்கள் பொருளியல் செய்திகளில் அந்த எண்ணையும் போடுங்களேன்.

வாசகர், ஈசூன்