ஃபிட்ஸ்ராயும் கார்த்தியின் பயோடேட்டாவும்

மெல்பர்ன்,
12 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுதா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? நேற்று ஆயுத பூஜைக்கு லேப்டாப்பின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சுண்டல் தாளித்து, பொரி கிடைக்காததால் கார்ன் ஃப்ளேக்ஸை வைத்துச் சமாளித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். ஏப்ரல் வரை நமக்குள் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நீங்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போன் போட்டால் எனக்கு விடிகாலை இரண்டரை. தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

போனில் நீங்கள் ஹாக்கியில் ஆரம்பித்து ஹாக்கியிலேயே முடித்துவிடுகிறீர்கள். கார்த்தி இங்கே வந்து வேலை தேடுகிற விஷயத்துக்கு வரும் முன்னால் யாராவது கேட்டைத் தட்டிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இருந்தாலும் ஹாக்கியை முதலில் சொல்லாவிட்டால் நீங்கள் மேலே படிக்க மாட்டீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் ஆஸ்திரேலியாவை 3-2 என்று அடித்த அன்று இங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டீர்களே, ஒன்றுமே பேசவில்லை மாமா. டோக்கியோவில் நம்மை 7-1 என்று உரித்தவர்கள், 1972-க்கு அப்புறம் ஒலிம்பிக்கில் முதல் தடவையாக நம்மிடம் தோற்றிருக்கிறார்கள். கோவில்பட்டியாக இருந்தால் டீக்கடை டீக்கடையாக ஒரு வாரம் ஓடியிருக்கும். இங்கே அதே ராத்திரி கேமரன் மெக்கெவாய் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார், ஹாக்கி அந்தத் தண்ணீரிலேயே மூழ்கிப்போனது. ஆபீஸில் நான் வலியப் போய்ச் சொன்னதற்கு, "அப்படியா, நாம் ஹாக்கி நன்றாக ஆடுவோமா?" என்று ஒருவர் கேட்டார். உலகக் கோப்பையை மூன்று தடவை வென்ற நாட்டுக்காரர் கேட்கிற கேள்வி!

இந்த ஊருக்கு மதம் வேறே. ஃபுட்டி என்பார்கள். நம் கால்பந்து இல்லை. பந்து முட்டை வடிவம், மைதானம் கிரிக்கெட் மைதானமேதான், பக்கத்துக்கு 18 பேர். கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், எறிய மட்டும் கூடாது. முஷ்டியால் குத்தித்தான் அடுத்தவனுக்குத் தர வேண்டும். கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பு வைத்துவிடக் கூடாது என்று டாம் வில்ஸ் என்கிற கிரிக்கெட்காரர் 1858-ல் யோசனை சொல்லி, மறுவருஷம் விதிகளை எழுதினார்களாம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பம். நடுவில் உதைத்தால் 6 புள்ளி. குறி தப்பிப் பக்கத்துச் சந்தில் போனாலும் 1 புள்ளி உண்டு, தாராள மனசு.

எனக்கு மிகவும் பிடித்தவர் கோல் நடுவர். கம்பத்துக்கடியில் அசையாமல் நிற்பார். பந்து உள்ளே போனதும் ஆற அமர இரண்டு ஆட்காட்டி விரலையும் இடுப்பளவில் நீட்டிக் காட்டிவிட்டு, இரண்டு கொடியை எடுத்து ஆட்டுவார். அந்தக் கோடியில் நிற்கும் இன்னொரு கோல் நடுவர் அதைப் பார்த்துத் தானும் கொடி ஆட்டுவார். அப்புறம் இருவரும் ஆளுக்கொரு அட்டையில் குறித்துக்கொள்வார்கள். தலைக்கு மேலே ஸ்கோர் போர்டு இத்தனை பெரிதாக மின்னிக்கொண்டிருக்கும்போதுதான் இதெல்லாம்!

போன மாதம் 28-ஆம் தேதி எம்சிஜி என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஃபுட்டி இறுதி ஆட்டம். ஒரு லட்சம் பேர். முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாநிலம் முழுக்க அரசு விடுமுறை, 2015-லிருந்து அப்படித்தான். (தீபாவளிக்கு எங்களுக்கு லீவு கிடையாது. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை குதிரைப் பந்தயத்துக்கு மெல்பர்ன் முழுக்க லீவு உண்டு.) இதில் வேடிக்கை என்னவென்றால் ஆடினது பிரிஸ்பனும் சிட்னியும். மெல்பர்ன் அணி ஒன்றுகூட இல்லை. வேறு ஊர்க்காரன் ஆட்டத்துக்கு இவர்கள் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மாள்தான் விளக்கினார். சிட்னி அணி என்பது சவுத் மெல்பர்ன் கிளப். காசில்லாமல் தள்ளாடி 1982-ல் அங்கே குடிபெயர்ந்தது. பிரிஸ்பன் அணிக்குள்ளே இருப்பது ஃபிட்ஸ்ராய் கிளப். அதுவும் நொடித்துப்போய் 1996-ல் பிரிஸ்பனோடு இணைக்கப்பட்டது. ஆக, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன இரண்டு பிள்ளைகள் பிறந்த ஊருக்கே வந்து மோதினார்கள். அந்த அம்மாளின் அப்பா ஃபிட்ஸ்ராய்க்காரர். இணைப்பு நடந்த வருஷத்தோடு அவர் ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டாராம். மகள் மட்டும் மன்னித்துவிட்டு பிரிஸ்பனுக்குக் கத்துகிறார். பிரிஸ்பன் 120, சிட்னி 60. திங்கட்கிழமை பழைய ஃபிட்ஸ்ராய் கழுத்துத்துண்டோடு ஆபீஸுக்கு வந்தார், மானேஜர் உட்பட யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பேப்பர் பற்றிக் கேட்டீர்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு இரண்டு. 1854-லிருந்து வரும் ‘தி ஏஜ்’, முர்டாக் குடும்பத்தின் ‘ஹெரால்டு சன்’. இரண்டையும் பின்பக்கத்திலிருந்து வாசிக்கிறார்கள், ஃபுட்டி அங்கேதான் இருக்கிறது. சீசன் முடிந்துவிட்டதே, இனி நிம்மதி என்று நினைத்தேன். இப்போது யாரை எந்த கிளப் வாங்கப்போகிறது என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. நான் ஏபிசி ரேடியோதான் கேட்கிறேன். அரசாங்கப் பணத்தில் நடக்கிறது, விளம்பரம் கிடையாது, மந்திரியையும் விடாமல் துளைக்கிறார்கள். பல மொழிகளில் ஒலிபரப்பும் எஸ்பிஎஸ்ஸில் தமிழும் உண்டு. ஃபேஸ்புக்கை நம்பிச் செய்தி படிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பத்திரிகைகளுக்குக் காசு கொடு என்று இந்த நாட்டு அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தபோது, 2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நாடு முழுக்கச் செய்தியை அடைத்துவிட்டது. அந்த வேகத்தில் வானிலைத் துறை, சுகாதாரத் துறை பக்கங்களும் சேர்ந்து போயின. கொரோனா காலம் வேறு. பிறகு சமாதானமாகிக் காசு கொடுத்தார்கள். இனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று இந்த மார்ச்சில் சொல்லியாயிற்று.

இன்டர்நெட் விஷயத்தில் நீங்கள் என்னைக் கேலி செய்யலாம். உங்கள் வீட்டுக்குள்ளே ஃபைபர் வந்துவிட்டது. எனக்குத் தெருமுனைப் பெட்டிவரைதான் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய டெலிபோன் செம்புக் கம்பி. 2009-ல் ஓர் அரசாங்கம் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் ஃபைபர் என்று திட்டம் போட்டது, 2013-ல் வந்த அரசாங்கம் செலவு அதிகம் என்று செம்பையே வைத்துக்கொள்ளச் சொன்னது. இப்போது மறுபடி தோண்டுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, கார்த்தி. அவனுக்கு இப்போது 33. மாஸ்டர்ஸ் படிக்கிற சாக்கில் வந்து, முடித்ததும் வேலை தேடலாம் என்று அந்த ஏஜென்ட் சொல்கிறாராமே, அதை நம்பவே வேண்டாம். இந்த ஜூலையிலிருந்து படிப்புக்குப் பிந்தைய வேலை விசாவுக்கு 35 வயது வரம்பு வைத்துவிட்டார்கள். முன்னால் 50 வரை இருந்தது. இரண்டு வருஷம் படித்து முடிக்கும்போது இவன் வரம்பைத் தொட்டோ தாண்டியோ நிற்பான். மாணவர் விசாக் கட்டணமும் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வருஷச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். நம் கணக்கில் பதினாறு லட்சத்துக்கு மேல். தெற்குத் தெரு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கிற பேச்சே எடுக்காதீர்கள்.

அவன் வர வேண்டுமானால் வேலை அனுபவத்தைக் காட்டித் தொழில் விசாவில் வரட்டும். கணினி வேலைக்கு ஆஸ்திரேலிய கம்ப்யூட்டர் சொசைட்டி தகுதி பார்த்துச் சான்று கொடுக்கும். அவன் வேலை பார்த்த வருஷங்களில் ஆரம்பத்தைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மெக்கானிக்கல் படித்தவன், அதிகமாகவே கழிப்பார்கள். இன்னும் ஒன்றிரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்ப்பது நஷ்டமில்லை.

வந்த பிறகும் உடனே கிடைக்காது. இங்கே வேலை தேடுவதென்றால் ‘சீக்’ தளம், 1997-ல் இந்த ஊரில் தொடங்கியது. விண்ணப்பித்தால் இடைத்தரகர் ஒருவர் தேனாகப் பேசுவார், அப்புறம் ஆளே இருக்க மாட்டார். "உள்ளூர் அனுபவம் இல்லையே" என்பார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று கேட்கத் தோன்றும், கேட்டுப் பயனில்லை. முன்பு வேலை செய்த இடத்தில் இரண்டு பேரின் போன் நம்பர் கேட்பார்கள். நிஜமாகவே கூப்பிட்டு விசாரிப்பார்கள், அந்தத் தமிழ்நாட்டு மானேஜர் ஆங்கிலத்தில் தடுமாறாமல் இருக்க வேண்டும். அதுவரை கடையிலோ கிடங்கிலோ நிற்கலாம், 2024 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலர் 10 சென்ட் ஆனது, வயிற்றுக்குக் குறையில்லை.

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று கார்த்தி கேட்டுக்கொண்டே இருக்கிறான். இன்டர்வியூவில், இணையப் பக்கம் கட்ட உதவும் ரியாக்ட் பற்றி நான்கு கேள்விதான். அப்புறம் மவுஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "கீபோர்டை மட்டும் வைத்து இந்தப் பக்கத்தில் ஒரு டிக்கெட் எடுங்கள், எங்கே மாட்டுகிறது என்று சொல்லுங்கள்" என்றார்கள். பார்வையில்லாதவர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துத்தான் தளங்களைப் பயன்படுத்துகிறார்கள். படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால் அவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சிட்னி ஒலிம்பிக் சமயத்தில் புரூஸ் மகுவாயர் என்ற பார்வையற்றவர், போட்டிகளின் தளத்தை என்னால் படிக்க முடியவில்லை என்று அமைப்புக் குழு மேலேயே புகார் கொடுத்தார். படங்களுக்கு விளக்கம் இல்லை, முடிவுப் பட்டியல்கள் புரியவில்லை என்பது வழக்கு. திருத்துவதற்கு நிறைய செலவாகும் என்று குழு வாதாடியது. 2000 ஆகஸ்டில் மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, குழு 20,000 டாலர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிவந்தது. விளையாட்டு முடிவைத் தெரிந்துகொள்ள ஒருத்தர் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறார் என்றால் உங்களுக்குப் புரியும் மாமா. எனக்கு அந்த வழக்கு முன்பே தெரிந்திருந்தது, இன்டர்வியூவில் சொன்னேன், எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதனால் கார்த்தி மாதத்துக்கொரு புது ஃபிரேம்வொர்க் கற்று அதற்கொரு சர்டிபிகேட் வாங்குவதை நிறுத்தட்டும். அவை இங்கே எல்லோரிடமும் இருக்கின்றன. அவன் செய்த ஏதாவது ஒரு தளத்தை எடுத்து, மவுஸைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திப் பார்த்துத் திருத்தட்டும். அதை எனக்குக் காட்டினால் அந்த ஃபிட்ஸ்ராய் அம்மாளிடம் கொண்டுபோகிறேன். ஆள் எடுப்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பயோடேட்டாவும் அனுப்பச் சொல்லுங்கள். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், மணமானவனா என்பதெல்லாம் வேண்டாம். மாவட்ட ஹாக்கி அணியில் ஆடியதை மட்டும் எடுக்காமல் விடட்டும்.

தீபாவளிக்கு அத்தை கணக்கில் பணம் போட்டுவிட்டேன், வந்ததும் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
சுதா